இரண்டு பக்கக் காயையும் நகர்த்தியவன்

சேலத்துச் சதுரங்கப் பந்தயத்தில் நான் செய்த முதல் காரியம், எதிராளியின் குதிரையைத் தூக்கி நகர்த்தியது.

வேண்டுமென்று செய்யவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ரயில்வே குமாஸ்தா கன்னத்தில் கை வைத்து வெகுநேரமாக யோசித்துக்கொண்டிருந்தார். அவர் கண் குதிரைமேல் இருந்தது. அது எங்கே போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கை தன்பாட்டுக்கு நீண்டு, குதிரையை எடுத்து, அந்தக் கட்டத்தில் வைத்தது. வைத்துவிட்டு என் ஆட்டத்தை யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏன் சார், என் குதிரையை நீங்க எதுக்கு நகர்த்துறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்துப் பலகைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவராக இருந்த பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து வந்தார். "கை தவறிப் போச்சுங்க" என்றேன். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. கை தவறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகப் பழகிய வேலையைத்தான் அது செய்தது.

அந்த ஒன்பது வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே எங்கள் தோட்டம். சேலத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தபோது சதுரங்கம் பிடித்துக்கொண்டது. படிப்பு ஏறவில்லை, ஆட்டம் ஏறியது. படிப்பை விட்டு ஊர் திரும்பியபோது செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பலகையும் காய்களும் மட்டும் கூட வந்தன. ஊரில் ஆட ஆளில்லை. மத்தியானத்தில் கிணற்றுமேட்டு வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, வலது கைக்கும் இடது கைக்கும் ஆட்டம் வைத்துக்கொண்டிருந்தேன். வலது கைதான் எப்போதும் ஜெயிக்கும்.

எங்கள் பண்ணையத்து ஆள் ஒருவன் அப்போது கவலை ஓட்டிக்கொண்டிருந்தான். எருதுகளைப் பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவன். பழைய யுத்தத்தில் கோவேறு கழுதை பார்க்கக் கப்பலேறிப் பஸ்ரா வரைக்கும் போய்விட்டு வந்தவன். 'அவன்' என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு நான் அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கு 'அவர்' என்று மாற்றி எழுதி நல்லவனாகிவிட எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் எருதுகளை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு வந்து எட்டி நின்று பார்த்தான்.

"எனக்கும் சித்தெ தெரியுமுங்க சாமி. அங்க பஸ்ராவுல சோல்சருங்க ஆடுவாங்க, பாத்துருக்கறனுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். நான் கட்டிலில், அவன் கீழே மண்ணில். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. எங்கள் வீட்டுச் சொம்பை அவன் தொட முடியாத காலம் அது. காயை எப்படித் தொடுவான்? அதற்கு அவனே வழி சொன்னான். சாட்டைக் குச்சியால் தூரத்திலிருந்தே காட்டுவான். "அந்த வலத்துக் குதிரைய ஒட்டகத்துக்கு முன்னால வெச்சுருங்க சாமி" என்பான். நான் எடுத்து வைப்பேன். என் காயை அவன் வெட்ட வேண்டுமானாலும், "சாமி யானைய எடுத்துருங்க" என்பான். என் யானையை நானே எடுத்துக் கீழே வைத்துக்கொள்வேன். போகப் போக அவன் வாய் திறக்க வேண்டிய தேவைகூட இல்லாமல் போயிற்று. குச்சி அசைவதைப் பார்த்தே கை வைத்துவிடும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. என் ராஜாவுக்கு ஆபத்து வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவான். "ராஜாவப் பாத்துக்கோங்க சாமி." மந்திரிக்கு ஆபத்தென்றாலும் சொல்லிவிடுவான். இப்போதைய பிள்ளைகள் ராணி என்கிறார்களே, அதைத்தான் நாங்கள் மந்திரி என்போம்; பிஷப்பை ஒட்டகம் என்போம். அதுதான் ஆட்டத்தின் மரியாதை என்று நினைத்திருந்தேன். உலகம் முழுக்க அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று நம்பியிருந்தேன்.

ஒன்பது வருஷத்தில் ஒரு ஆட்டம்கூட நான் தோற்கவில்லை. சில நாள் சுலபமாக ஜெயிப்பேன். சில நாள் உயிர் போய் உயிர் வரும். கடைசி நேரத்தில் அவன் ஏதாவது ஒன்றைக் கவனிக்காமல் விடுவான், நான் பாய்ந்து பிடித்துவிடுவேன். அன்றைக்கெல்லாம் சாப்பாட்டில் ஒரு உருண்டை அதிகமாக இறங்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது எனக்குத் தெரியாத பழமொழியா? தெரியும். அது மற்றவர்களுக்கென்று நினைத்திருந்தேன்.

சேலத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் பந்தயம், ஆளுக்கு ஐந்து ஆட்டம் என்று மாமா எழுதியிருந்தார். மறுபடி யுத்தம் வரும் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த சமயம். ஊரெல்லாம் வாயடித்துவிட்டேன். முதலாவதாக வருவேன் என்று சந்தையில் சொன்னேன், ரைஸ்மில்லில் சொன்னேன், சவரம் செய்ய வந்தவரிடம்கூடச் சொன்னேன். அப்பா மட்டும் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"மொதல்ல ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வா. ஒண்ணே ஒண்ணு. அப்பறம் நீ ஆட்டக்காரன்னு நான் ஒத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷமாக ஜெயித்துக்கொண்டிருப்பவனிடம் சொல்கிற பேச்சா இது? "ஒண்ணென்ன, அஞ்சும் ஜெயிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். வண்டி ஓட்டியவன் அவன்தான். வழியெல்லாம் அவனிடம் பேசிக்கொண்டே போனேன். அவன் எருதுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

குமாஸ்தாவின் குதிரையை நகர்த்தியது அந்த ஐந்தில் முதல் ஆட்டம். சிரிப்பு அடங்கிய பிறகு ஆடினோம். பத்துப் பன்னிரண்டு காய் நகர்ந்திருக்கும். அவர் ஒட்டகத்தை நீட்டி என் மந்திரியைச் சும்மா எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். என் மந்திரியை, அவர் கையால். எனக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது.

"நீங்க சொல்லவே இல்லீங்களே" என்றேன்.

"எதைச் சொல்லணும்?"

"மந்திரிக்கு ஆபத்துன்னு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. கேலி செய்கிற பார்வை அல்ல. உடம்புக்கு முடியாதவனைப் பார்க்கிற பார்வை.

"அதை நீங்கதானே சார் பாத்துக்கணும்" என்றார்.

அன்றைக்கு மூன்று ஆட்டம். மூன்றும் தோற்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். இங்கிலீஷ் முறைப்படி ஆட்டம், சிப்பாய் முதல் எடுப்பில் இரண்டு கட்டம் தாண்டுகிறது. ராஜாவும் யானையும் ஒரே மூச்சில் இடம் மாறிக்கொள்கின்றன. இதையெல்லாம் மாமா கடிதத்தில் எழுதியிருந்தாலும் கைக்குப் பழகவில்லை. கூடத்தில் புழுக்கம். நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை. அன்று மாமா வீட்டில் சாப்பிடும்போது இந்தக் காரணங்களையெல்லாம் அடுக்கினேன். மாமா ரசம் ஊற்றிக்கொண்டே "அப்படியா" என்றார். மாமிக்கும் விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. இன்னொரு அப்பளம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலாவது ஆட்டம். எதிராளி வரவில்லை. பேதி என்று சொல்லியனுப்பியிருந்தார். அரைமணி காத்திருந்துவிட்டு நடுவர் எனக்கு வெற்றி என்று எழுதிவிட்டார். வராத ஆளை ஜெயித்தேன். அப்பாவிடம் இதைப் போய்ச் சொல்ல முடியுமா? அவர் கேட்டது ஒரு ஆட்டம், பேதி அல்ல. மத்தியானத்துக்குமேல் ஐந்தாவது, கடைசி ஆட்டம் ஒன்று பாக்கியிருந்தது. அதையாவது ஜெயித்தாக வேண்டும்.

சாப்பாட்டுக்குப் போக வண்டி பூட்டச் சொல்லலாமென்று வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே புளியமரம். அடியில் ஐந்தாறு பேர் குனிந்து நின்றார்கள். எட்டிப் பார்த்தேன்.

ரயில்வே குமாஸ்தா மேல்துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். உள்ளே புழுக்கமென்று ஒரு பலகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். பலகைக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான்.

அப்படியே நின்றுவிட்டேன். அவன் ஆடிக்கொண்டிருந்தான் என்பது பெரிதில்லை. அவன் கையில் காய் இருந்தது. ஒன்பது வருஷத்தில் அந்தக் கையில் ஒரு சிப்பாயைக்கூட நான் பார்த்ததில்லை. சாட்டைக் காய்ப்பு ஏறிய மூன்று விரலால் குதிரையைத் தலையில் பிடித்துத் தூக்கி, சத்தமில்லாமல் வைத்தான். குமாஸ்தாவின் ஒட்டகத்தை அதே விரல்களால் எடுத்துத் தன் தொடைப்பக்கம் வைத்துக்கொண்டான். பிறகு ராஜாவையும் யானையையும் ஒரே மூச்சில் மாற்றி வைத்தான். எனக்குக் கைக்குப் பழகாத அந்த இங்கிலீஷ் ஆட்டத்தை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி செய்தான். குமாஸ்தா தலையைச் சொறிந்தார். நேற்று என்னை மந்திரியில்லாமல் அலையவிட்ட அதே குமாஸ்தா.

அவன் மந்திரியை நகர்த்தினான்.

"செக்" என்றான்.

அவ்வளவுதான். 'சாமி' இல்லை. 'ங்க' இல்லை. 'பாத்துக்கோங்க' இல்லை. அந்தக் குரல் அவனிடம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

குமாஸ்தா ராஜாவை ஒதுக்கினார். அவன் அடுத்த காய்க்குக் கையை நீட்டியபோது என் செருப்பைப் பார்த்துவிட்டான். நிமிர்ந்தான். நீட்டிய கை நின்றது. சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"தோத்துட்டனுங்க சாமி" என்றான்.

குமாஸ்தா அண்ணாந்து பார்த்தார். "என்னய்யா தோத்தே? இன்னும் ரெண்டே நகர்த்தல்ல எனக்கு மேட். நீதானே ஜெயிக்கிறே?"

"இல்லீங்க, தோத்துட்டனுங்க" என்றான் மறுபடியும், குமாஸ்தாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.

நான் பலகையைப் பார்த்தேன். குமாஸ்தா சொன்னது சரி. இரண்டே நகர்த்தல். ஊரில் எத்தனையோ நாள் இப்படி நெருங்கி வந்து, கடைசியில் எதையாவது கவனிக்காமல் விட்டு, "தோத்துட்டனுங்க சாமி" என்பானே, அதே குரல், அதே சொல். ஒன்பது வருஷமும் சீட்டுக்கட்டுச் சரிவதுபோல என் கண்முன்னால் சரிந்தது. எது என் வெற்றி, எது அவன் கொடுத்தது?

"இவர் உங்க ஆளா சார்?" என்றார் குமாஸ்தா. கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. "இவரை உள்ளே அனுப்பியிருக்கலாமே."

எனக்கு வந்தது கோபம். வேறு எதுவும் வரவில்லை, அதைச் சொல்லிவிடவேண்டும். "வண்டியப் பூட்டுடா, போடா" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். அவன் ஓடினான். நாற்பது வயது ஆள், ஓடினான்.

கடைசி ஆட்டத்துக்கு எப்படியோ போய் உட்கார்ந்தேன். எதிரே வயதான ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், நல்ல மனிதர், ஆட்டம் சுமார். பாதியில் தன் யானையைக் காவலில்லாமல் விட்டார். என் குதிரையால் எடுத்துவிடலாம். என் கை போயிற்று, நின்றுவிட்டது. இவரும் விட்டுக்கொடுக்கிறாரோ? என்னை யாரென்று விசாரித்து வைத்திருக்கிறாரோ? அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பொடி போட்டுக்கொண்டிருந்தார். யானையை எடுக்காமல் ஒரு சிப்பாயைத் தள்ளினேன். அந்த யானையே பின்னால் வந்து என்னைத் தீர்த்தது. "யானையைக் கவனிக்கலியா தம்பி?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே மறந்துதான் விட்டிருந்தார்.

வெயில் தாழ ஊருக்குக் கிளம்பினோம். சீரகாபாடி தாண்டும் வரைக்கும் எருதுகளின் மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் என்னால் முடியவில்லை.

"ஏன்டா அப்படிப் பண்ணுனே?"

அவன் திரும்பவில்லை. கயிற்றைத் தளர்த்திவிட்டு எருதுகளை மெல்ல நடக்கவிட்டான்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. மொத நாளு நான் ஜெயிச்சிருந்தா, மக்காநாளு ஆட்டத்துக்குக் கூப்புட்டிருப்பீங்களாங்க?"

கூப்பிட்டிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கவலை ஓட்டுகிறவனிடம் தோற்றேன் என்று ஊர் பேச, அந்தப் பலகையை நானே அடுப்பில் வைத்திருப்பேன். அவனுக்கு ஆட்டம் வேண்டியிருந்தது. ஆடுவதற்கு அவனுக்கு இருந்த ஒரே வழி தோற்பது. ஒவ்வொரு மத்தியானமும் அதைச் செய்திருக்கிறான்.

"ஒண்ணாவது நான் ஜெயிச்சனா? நெசமாச் சொல்லு. ஒண்ணாவது."

கெஞ்சுகிற மாதிரி கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் கொஞ்ச தூரம் யோசித்தான்.

"போன வருசம் மழ பேஞ்சுதுங்களே சாமி. காத்துல கட்டல் கூட ஆடுச்சே. அன்னிக்கு ஆடுனது நீங்க ஜெயிச்சதுங்க. அது நெசம்."

எனக்கு அந்த ஆட்டம் காய் காயாக நினைவிருந்தது. தூறல் விழுந்து பலகை நனைய ஆரம்பித்திருந்தது. காற்றில் அவன் குச்சி ஆடியதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "குதிரைய மந்திரிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று நான் கேட்டேன். அவன் வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இந்தப் பக்கமேங்க" என்றான். வைத்தேன். அதற்குப் பிறகு எட்டே நகர்த்தலில் அவன் ராஜாவைக் கட்டினேன். நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். வண்டி வீட்டு வாசலில் நின்றதும் அப்பா கேட்டார்.

"ஒண்ணாவது ஜெயிச்சியா?"

"ஒண்ணு" என்றேன். பேதிக்காரரை நினைத்துச் சொல்லவில்லை. மழை ஆட்டத்தை நினைத்துச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் பலகையை வைத்தேன். கட்டிலில் உட்காரவில்லை; கீழே உட்கார்ந்தேன். "இனிமே உன் காய நீயே எடுத்து வெய்யி" என்றேன். பெரிய மனசு பண்ணிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவன் தோட்டத்துப் பக்கம் பார்த்தான். அப்பா வரப்பில் நின்றிருந்தார். வேலைக்காரர்கள் நாலு பேர் களத்தில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"அது ஆகாதுங்க சாமி" என்றான். "எருதுக்குக் காலு வீங்கியிருக்குது, பாத்துட்டு வாரனுங்க."

வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. கூப்பிட்டால் ஏதாவது வேலை சொல்வான். தோற்று ஆட என்னால் அவனை இனி உட்காரவைக்க முடியாது. ஜெயித்து ஆட அந்த ஊரில் அவனால் உட்கார முடியாது. யுத்தம் வந்த வருஷம் கோயம்புத்தூர் மில்லுக்குப் போய்விட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டானோ என்று அப்போது நினைத்தேன். என்ன வார்த்தை என்று மட்டும் தெரியவில்லை.

எப்போதாவது பலகையை எடுத்து வைத்து, அந்த மழை ஆட்டத்தை மட்டும் தனியாக ஆடிப் பார்ப்பேன். அவன் காயையும் நானே நகர்த்தி, என் காயையும் நானே நகர்த்தி. என் வாழ்நாளில் நான் நியாயமாக ஜெயித்த ஒரே ஆட்டம். ஒவ்வொரு முறையும் என் காய்களைத்தான் பார்ப்பேன். எவ்வளவு நன்றாக ஆடியிருக்கிறேன் என்று பார்ப்பேன்.

அப்பா இறந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் அவன் பக்கமாக உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. குதிரையை நான் கேட்டுக்கேட்டு வைத்த அந்த இடம் வந்தது. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? குதிரையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன்.

என் ராஜாவுக்குப் போக ஒரு கட்டம்கூட இல்லை.